ரைடிங் கியர்: விழுந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்

பைக்கில் இமயமலைப் பக்கம் ஸ்பிதி, லடாக் கிளம்புகிறவர்கள் தனித்தனியாக ஒரே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, ஹிமாலயன் 450 பைக் எடுத்தாச்சு. நல்ல ஹெல்மெட் இருக்கிறது. மிச்சக் காசில் முதலில் எதை வாங்கட்டும், ஜாக்கெட்டா?

பூட்ஸ், தம்பி. ஸ்பிதி பாதையில் சத்ரு என்ற இடத்தைத் தாண்டி ஓர் ஓடை. மதியம் மூன்று மணி, பனி உருகித் தண்ணீர் ஏறியிருந்தது. உருண்டைக் கல்லில் முன்சக்கரம் வழுக்கியபோது நான் நடக்கிற வேகத்தில்கூடப் போகவில்லை, ஆனால் கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி அப்படியே இடது காலில் சாய்ந்தது, பக்கப் பெட்டிக்கும் பாறைக்கும் நடுவே கணுக்கால். ஜாக்கெட்டில் ஒரு கீறல் இல்லை. காலில் ட்ரெக்கிங் ஷூ! ஆறு வாரம் கட்டு. மலைப்பாதையில் பெரும்பாலும் இப்படித்தான் விழுவோம், மெதுவாக, பக்கவாட்டில்.

கடையில் பூட்ஸை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். துணி பிழிகிற மாதிரி வளைந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் கெட்டித் தட்டு வேண்டும், கணைக்கால் எலும்பை மூடுகிற உயரம் வேண்டும், நாடா வேண்டாம், பக்கிள்தான். நாடா கியர் லீவரில் மாட்டும்.

ஜாக்கெட்டில் சிஇ என்று போட்டிருந்தால் போதுமா?

சிஇ என்பது ஐரோப்பியத் தர முத்திரை. எதற்குப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பல ஜாக்கெட்டில் அது உள்ளே இருக்கிற ஆர்மருக்கு, அதாவது அடி தாங்கும் துண்டுகளுக்கு மட்டும்தான். ஜாக்கெட் முழுவதற்கும் தனித் தரம் இருக்கிறது, இஎன் 17092. அதில் ஏஏஏ உயர்ந்தது, அடுத்து ஏஏ, அப்புறம் ஏ. தோள், முழங்கை, முழங்கால் ஆர்மருக்கு இஎன் 1621-1. சோதனையில் லெவல் 1 துண்டு அடியின் விசையைச் சராசரியாக 35 கிலோநியூட்டன் வரை உள்ளே விடலாம், லெவல் 2 என்றால் 20தான். ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் உள்ளே இருக்கிற பாக்கெட்டைத் திறந்து துண்டை வெளியே எடுத்துப் பாருங்கள். வெறும் மெத்தைப் பஞ்சாக இருந்தால், நல்ல பேக் ப்ரொடெக்டருக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

ஆண்கள் அளவில் ஸ்மால் வாங்கினேன். தோள் சரி, முழங்கை ஆர்மர் சுற்றிக்கொண்டு போகிறது. பரவாயில்லையா அண்ணா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாதுமா. விழுகிற நேரத்தில் அது முழங்கையில் இருக்காது. வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, வேறு யாரையாவது அந்தத் துண்டைத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். நகர்ந்தால் மாற்றுங்கள். பெண்களுக்கான வெட்டு கிடைக்கவில்லையென்றால், உடம்போடு ஒட்டுகிற ஆர்மர் சட்டையைப் போட்டு மேலே எந்த ஜாக்கெட்டையும் போடலாம். பேன்ட்டிலும் இதே தொல்லைதான். எழுந்து நின்று ஓட்டும்போது முழங்கால் துண்டு இறங்கிவிடும். நான் அதைக் கழற்றிவிட்டுத் தனி முழங்கால் கவசம் கட்டுகிறேன்.

ஜூனில் நாக்பூர் வழியாகப் போகிறோம். காற்று புகும் வலைத் துணி (மெஷ்) ஜாக்கெட் போதுமா?

போதும், ஆனால் 42 டிகிரியில் காற்றே உடம்பைவிடச் சூடு. அதை முழுசாக உள்ளே விட்டால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்து, தாகம் தெரிவதற்குள் தலை சுற்றும். பனியனை நனைத்துப் போட்டு, மேலே மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டையைப் பாதி ஜிப் போட்டு ஓட்டுங்கள். வறண்ட வெயிலில் நன்றாகக் குளிரும். சென்னைப் புழுக்கத்தில் இந்த வித்தை பலிக்காது.

மழைக்கு ஜாக்கெட்டுக்குள் மாட்டுகிற நீர்புகா லைனரா, மேலே போடுகிற ரெயின்கோட்டா?

மேலே போடுகிற ரெயின்கோட்தான், சந்தேகமே வேண்டாம். லைனர் உள்ளே இருந்தால் ஜாக்கெட் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அந்த ஈரத்தோடு சுமார் 4,900 மீட்டரில் பாராலாச்சா கணவாய்க் காற்றில் போனால் பல் தந்தியடிக்கும். தவிர, லைனர் மாட்ட நடுரோட்டில் மழையில் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும்.

முன்னால் பீக் (தொப்பி விளிம்பு மாதிரி நீட்டிய பகுதி) வைத்த ஹெல்மெட் எப்படி?

மண்பாதையில் வெயில் மறைக்கும், ஹைவேயில் 100ஐத் தாண்டினால் கழுத்தை இழுக்கும். கழற்றி மாட்டக்கூடிய பீக் வாங்குங்கள். ஐஎஸ்ஐ சட்டத்துக்கு வேண்டும், கூடவே இசிஇ 22.06 என்ற ஐரோப்பிய ஹெல்மெட் தரமும் இருந்தால் எனக்கு நிம்மதி. ஒரு முறை நன்றாக அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள்.

முதுகுப் பையில் ட்ரைபாட் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது! மல்லாக்க விழுந்தால் தண்டுவடத்துக்கும் தரைக்கும் நடுவே அந்தக் கம்பிதான் இருக்கும். முதுகில் தண்ணீர்ப் பை மட்டும். ட்ரைபாட், ஸ்பேனர், பூட்டுச் சங்கிலி எல்லாம் வண்டிப் பெட்டிக்குள் போகட்டும்.