எல்லாம் இருந்தும் நன்றியுணர்வு வரவில்லை என்றால்

ஏசி, வாஷிங் மெஷின், குழாயைத் திறந்தால் வெந்நீர் என எல்லாம் இருந்தும், தினமும் இரவு நோட்டில் மூன்று நன்றிகள் எழுதும்போது மனதில் எதுவுமே தோன்றவில்லை, அதனால் குற்ற உணர்வு வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தக் குற்ற உணர்வை விட்டுவிடுங்கள். வசதிக்கு மனம் சீக்கிரம் பழகிவிடும். 1971-லேயே பிரிக்மன், கேம்பெல் என்ற உளவியலாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை.

அப்புறம், தினமும் எழுதுவதை நிறுத்திப் பாருங்கள். உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவின் ஆய்வில், 6 வாரங்கள் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை.

எழுதும் விதத்தையும் மாற்றுங்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. "வெந்நீர் இருக்கிறது" என்று எழுதாமல், அது இல்லாமலே போயிருந்தால் இன்றைய காலை எப்படி இருந்திருக்கும் என்று எழுதுங்கள். தண்ணீரை யார் சுமந்திருப்பார், அடுப்பை யார் மூட்டியிருப்பார், எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்வில் நடந்த ஒரு நல்லது நடக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதியவர்கள், அது எப்படி நடந்தது என்று எழுதியவர்களைவிட நல்ல மனநிலையில் இருந்தார்கள்.

பொருளோடு நிற்காமல் ஆட்களையும் நினையுங்கள். நள்ளிரவில் மின்கம்பியைச் சரிசெய்பவர், குப்பை அள்ளுபவர். நேரில் பார்த்தால் வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும். எதிலுமே பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் மனம் சோர்ந்து கிடந்தால், நோட்டை மூடிவைத்துவிட்டு ஒரு மருத்துவரிடம் பேசுங்கள்.