அரிசி டிரம்முக்குப் பின்னால் நான்கு குட்டிகள்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு ஓராண்டாக வந்து போய்க்கொண்டிருந்த பூனை, அடைமழை தொடங்கிய வாரத்தில் படுக்கையறை பீரோவின் கீழ்த்தட்டில், புடவைகளுக்கு நடுவே நான்கு குட்டிகள் போட்டது. ஐந்தாம் நாள் அவற்றை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய், ஸ்டோர் ரூமில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டது. நான் தொட்டதுதான் காரணமோ என்று கவலையாக இருக்கிறது. இன்றைக்குப் பன்னிரண்டு நாள். மூன்று குட்டிகள் கண் திறந்துவிட்டன. நான்காவதற்கு ஒரு கண் பீளை கட்டி ஒட்டியிருக்கிறது. உருவத்திலும் அதுவே சிறியது. அதற்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரால் புகட்டலாமா? நாங்கள் சைவம் என்பதால் தாய்க்குப் பால்சோறும் தயிர்சாதமும்தான் வைக்கிறேன். ஆறு மாதக் கர்ப்பிணியான மகளை அடுத்த மாதம் வளைகாப்பு முடித்து அழைத்து வருகிறோம். பூனை இருக்கும் வீட்டில் அவள் இருக்கக் கூடாது என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். குட்டிகளைச் சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்வது? — ஒரு வாசகி, பட்டுக்கோட்டை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கண்ணைப் பார்த்துவிடுவோம். மற்றவை ஓரிரு நாள் பொறுக்கும், அது பொறுக்காது. பூனைக்குட்டிகள் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் கண் திறக்கும் என்பதால், பன்னிரண்டாம் நாளில் ஒரு கண் மூடியிருப்பது மட்டுமே நோய் ஆகாது. ஆனால் பீளை கட்டியிருப்பது கிருமித்தொற்றின் அடையாளம். தண்ணீரைக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் சுத்தமான பஞ்சை அதில் நனைத்துப் பிழிந்து, ஒட்டிய இமையின் மேல் அரை நிமிடம் வைத்திருங்கள். பீளை ஊறியபின், மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே வீச்சில் துடைத்து, அந்தப் பஞ்சை எறிந்துவிட வேண்டும். அதே பஞ்சால் அடுத்த கண்ணைத் தொடக் கூடாது. இமையை விரலால் பிரித்துத் திறக்க முயலாதீர்கள். மூடிய இமைக்கு அடியில் பட்டாணி வைத்ததுபோல் புடைத்திருந்தால் உள்ளே சீழ் தேங்கியிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டாவிட்டால் கண்ணே போய்விடும். கண்வலிக்குத் தாய்ப்பால் விடும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது, அது வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கான சொட்டு மருந்தும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்தால், புண்பட்ட கண்ணில் அது பெரும் கேடு செய்யும்.

இங்க் ஃபில்லரை மேசை இழுப்பறையிலேயே வைத்துவிடுங்கள். பசும்பாலின் சர்க்கரை பல பூனைகளுக்குச் செரிப்பதில்லை. குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதன் சிறிய உடம்பு ஒரே நாளில் வற்றிப்போகும். தண்ணீர் கலந்தால் பால் இன்னும் நீர்த்துப்போகிறதே தவிர, பூனைப்பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் அதில் வந்துவிடப் போவதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஃபில்லரை அழுத்தும் நம் விரலில் இருக்கிறது. கைக்குழந்தையைப் போல் குட்டியை மல்லாத்திப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினால், பால் வயிற்றுக்குப் பதிலாக நுரையீரலுக்குள் போய்விடும். தாய் உயிரோடு, பாலோடு, பக்கத்திலேயே படுத்திருக்கும்போது நாம் இந்த வேலைக்குப் போக வேண்டியதே இல்லை. என்றாவது தாய்க்கு முடியாமல் போனால், பிராணிகள் கடையில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால்பவுடரை வாங்கி, குட்டியைக் குப்புற இருத்தி, அது தானே சப்பும் வேகத்தில் கொடுக்கலாம். அப்போதும் உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது. முதலில் சூடேற்றிவிட்டுத்தான் பால் கொடுக்க வேண்டும்.

சிறிய குட்டிக்குப் பால் போதுமான அளவு கிடைக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தராசுதான் சொல்லும். சமையலறையில் கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு இருந்தால், ஒரு கிண்ணத்தில் துணி விரித்து, தினமும் ஒரே நேரத்தில் நான்கையும் நிறுத்து நாள்காட்டியில் குறித்து வாருங்கள். பிறக்கும்போது 100 கிராமை ஒட்டி இருக்கும் குட்டி, நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிராம் கூடும். கணக்குக்கு எளிதாகச் சொன்னால் வாரத்துக்கு 100 கிராம். நான் முதன்முதலில் நிறுத்தபோது, 110 கிராம் இருக்க வேண்டிய குட்டி 190 காட்டியது. மலைத்துப்போய்க் குனிந்து பார்த்தால், தாய்ப்பூனை தட்டின் விளிம்பில் ஒரு முன்னங்காலை ஊன்றிக்கொண்டு, என்ன செய்கிறாய் என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது! சிறிய குட்டி சிறியதாகவே இருக்கலாம், அதில் தவறில்லை. அதன் எண் தினமும் ஏற வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒரு நாள் இறங்கினாலோ, இரண்டு நாள் அப்படியே நின்றாலோ மருத்துவரிடம் கொண்டு போங்கள். அதுவரை, மற்ற மூன்றும் குடித்துத் தூங்கிய பிறகு, இதை மட்டும் தாயின் பின்புற மடிக்காம்பு ஒன்றில் நீங்களே பிடித்து வைக்கலாம்.

நீங்கள் தொட்டதால்தான் தாய் இடம் மாற்றியது என்று வருந்த வேண்டாம். பூனை குட்டிகளோடு ஏழு வீடு மாறும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஏழோ எட்டோ, மாறுவது அதன் இயல்பு. ஓரிடத்தில் வாடை தங்கினால் பகைக்குத் தெரிந்துவிடும் என்ற காட்டுக் காலத்து எச்சரிக்கை இன்னும் அதைவிட்டுப் போகவில்லை. பிடரியில் கவ்வியதும் குட்டி காலை மடக்கிக்கொண்டு துவண்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தென்கலை வைணவர்கள் சரணாகதிக்கு அதையே உவமையாக்கி மார்ஜார நியாயம் என்றார்கள். உங்களோடு பழகிய பூனை, நீங்கள் தொட்டதற்காகக் குட்டியை ஒதுக்காது. ஆனால் உறவினர்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் மாறி மாறி வந்து எட்டிப் பார்த்தால் கட்டாயம் தூக்கிக்கொண்டு போய்விடும். பீரோவில் புடவைக்கு நடுவே அந்துருண்டை போட்டிருந்தீர்களானால், அது அங்கிருந்து போனதே நல்லது. நாப்தலீன் பூனைக்கு நஞ்சு.

இப்போதிருக்கும் இடத்தில் இரண்டு தொல்லைகள் உண்டு: ஈரம், எறும்பு. முதல் மூன்று வாரம் குட்டிகளால் தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது. மழைக்காலத்துச் சிமெண்டுத் தரை அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். பக்கம் உயர்ந்த அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய பருத்தி வேட்டியை மடித்துப் போட்டு, டிரம்முக்குப் பக்கத்திலேயே வையுங்கள். குட்டிகளை நீங்கள் எடுத்து வைப்பதைவிட, தாயாக வந்து சம்மதிப்பது நல்லது. அரிசியும் வெல்லமும் இருக்கும் அறையில் எறும்பு வராமல் இராது. பால் வாடையடிக்கும் குட்டியின் கண்ணோரத்தையும் தொப்புளையும் அது கடித்துப் புண்ணாக்கிவிடும். அதற்காக எறும்புச் சாக்பீஸால் கோடு கிழிக்காதீர்கள், பூச்சி மருந்து அடிக்காதீர்கள், ஃபினாயில் ஊற்றித் துடைக்காதீர்கள். சாக்பீஸில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்தையும் ஃபினாயிலையும் பூனையின் ஈரலால் முறித்து வெளியேற்ற முடியாது. காலில் படுவதை அது நக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் காலத்தில் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைப்போமே, அதேபோல் தாழ்வான, அகலமான ஸ்டூலின் மேல் பெட்டியை வைத்து, கால்களுக்கு அடியில் கிண்ணம் வைத்தால் போதும். குட்டிகள் பெட்டியின் விளிம்பைப் பிடித்து ஏறத் தொடங்கும் மூன்றாம் வாரத்தில் ஸ்டூலை எடுத்துவிட்டுப் பெட்டியைத் தரையில் இறக்கிவிடுங்கள். இரவில் ஸ்டோர் ரூம் ஜன்னலைச் சாத்துங்கள். வேற்றுக் கடுவன் நுழைந்தால் குட்டிகளைக் கொன்றுவிடக்கூடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தலாகப் பட்டது தயிர்சாதம்தான். நான்கு குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் பூனைக்கு, மூன்றாம் நான்காம் வாரங்களில் வழக்கத்தைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு உணவு தேவைப்படும். அதைச் சோற்றால் ஈடுகட்ட முடியாது. நாம் காய்கறியிலிருந்து உண்டாக்கிக்கொள்ளும் வைட்டமின் ஏ-யைப் பூனையால் அப்படி உண்டாக்கிக்கொள்ள முடியாது; டாரின் என்னும் சத்தையும் அதன் உடம்பு போதிய அளவு தயாரிப்பதில்லை, இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். டாரின் குறைந்தால் பார்வை மங்கும். இதயம் தளர்ந்து வீங்குவதற்கும் அந்தக் குறைவே காரணம் என்பது 1987-இல் நிறுவப்பட்டது. இதுவரை உங்கள் பூனை தாக்குப்பிடித்தது, கொல்லையில் எலியும் ஓணானும் கிடைத்ததால்தான் இருக்கும். இப்போது குட்டிகளை விட்டு வேட்டைக்குப் போக அதற்கு நேரமில்லை. வீட்டு ஆசாரத்தை மாற்றச் சொல்ல மாட்டேன். குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் என்று உறையில் அச்சிட்ட உலர்தீனி கடைகளில் கிடைக்கிறது. அதைத் தனி டப்பாவில் போட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டு, தாய் வேண்டிய அளவு தின்னும்படி வையுங்கள். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். முட்டைக்கு மறுப்பில்லையென்றால், அவித்த முட்டை ஒன்றை அவ்வப்போது மசித்து வைக்கலாம். தாயின் மடியில் ஏதாவது காம்பு சூடாகக் கட்டிப்பட்டிருந்தாலும், பின்புறம் நாற்றமடிக்கும் கசிவு இருந்தாலும், உடம்பு வெடவெடவென்று நடுங்கிக் கால் விறைத்தாலும் தாமதிக்காதீர்கள். கடைசியில் சொன்னது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவது. சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டு போய்விடும். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

நான்காம் வாரத்தில் குட்டிகள் தாயின் தட்டில் வாய்வைக்கத் தொடங்கும். அதே உலர்தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, தட்டையான சாஸரில் வையுங்கள். முதல் இரண்டு நாள் தின்பதைவிட மிதிப்பதே அதிகமாக இருக்கும். அப்போதே ஆழமில்லாத ட்ரேயில் மணல் போட்டு ஓரமாக வைத்தால், தாயைப் பார்த்து அவையும் பழகிக்கொள்ளும். தண்ணீர் பட்டால் கட்டியாகும் கடை மணல் இப்போது வேண்டாம், குட்டிகள் அதையும் தின்று பார்க்கும். இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதக் கை பழகிய குட்டிதான் பிற்பாடு சீறாமல் மடியில் ஏறும். ஆகவே தினமும் சிறிது நேரம் ஒவ்வொன்றையும் கையில் எடுங்கள். வட்டப்புழுக்கள் தாய்ப்பாலின் வழியே குட்டிக்கு வருவதால், பூச்சி மருந்து இந்த வாரமே தொடங்க வேண்டியது. எடையைக் கொண்டுதான் அளவு சொல்வார்கள் என்பதால், நாள்காட்டிக் குறிப்பை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

உங்கள் மகளைப் பற்றிச் சம்பந்தி வீட்டார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் பூனையின் மலத்தில் வெளிப்படும். கர்ப்பகாலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கும். ஆனால் பூனை அதை வாழ்நாள் முழுவதும் வெளிப்படுத்துவதில்லை; எலி, பறவை, பச்சை இறைச்சி வழியாகத் தனக்கு முதலில் தொற்றும்போது, பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான். வெளிப்பட்டதும் அது உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். அதனால் மணல் ட்ரேயை நாள்தோறும் வேறொருவர் சுத்தம் செய்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். மகள் ட்ரேயைத் தொட வேண்டாம், கொல்லை மண்ணைக் கிளற வேண்டாம், கீரையை நன்றாக அலசிச் சமையுங்கள். பூனையைத் தடவினால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். வீட்டில் பூனை உண்டு என்று மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லிவைக்கட்டும், தேவையென்றால் இரத்தப் பரிசோதனைக்கு அவர் எழுதித் தருவார். யாரையாவது தாய்ப்பூனை பிறாண்டினாலோ கடித்தாலோ, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அதில் மட்டும் அலட்சியம் கூடாது.

மீன் மார்க்கெட் யோசனைக்கு என் பதில் இதுதான்: இப்போது கொண்டு போய் விட்டால் நான்கும் இரண்டு நாளில் இறந்துவிடும், பால் கட்டிய மடியோடு தாய் உங்கள் வீட்டைச் சுற்றிக் கத்திக்கொண்டே இருக்கும். பசியால் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட. இரண்டரை மாதம் பொறுக்கச் சொல்லி உங்கள் கணவரைக் கேளுங்கள். எட்டு வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, பத்துப் பன்னிரண்டு வாரமானால் இன்னும் நல்லது. கடிப்பதற்கும் விளையாடுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாயும் உடன்பிறப்புகளும்தான் கற்றுக்கொடுக்கின்றன. எட்டாம் வாரத்தை ஒட்டி முதல் தடுப்பூசி போட்டு, கேட்பவர்களுக்கு இரண்டிரண்டாகக் கொடுங்கள்.

உங்கள் கணவரின் கவலைக்கு உண்மையான மருந்து தாய்க்குச் செய்யும் கருத்தடைதான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி சினைப்படும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான் என்பதால், இப்போது விட்டால் கோடைக்குள் இன்னொரு ஈற்றுக்கு இடம் தேட வேண்டியிருக்கும். ஆகவே தாயை இன்றிலிருந்தே இரவில் வெளியே விடாதீர்கள். குட்டிகள் பால் மறந்து, மடி வற்றி இரண்டு வாரம் கழிந்ததும், உங்களுக்கு அருகிலுள்ள ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டு அறுவைக்கு நாள் வாங்குங்கள். கண்ணுக்காக இப்போது உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது, சிறிய குட்டியை மட்டும் தனியே எடுத்துப் போகாமல், மூடியுள்ள கூடையொன்றில் அதே வேட்டியை விரித்து, தாயோடு நான்கையும் சேர்த்தே கொண்டு போங்கள்.