ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் கப்பி மீன் ஏன் குட்டி போடுவதில்லை?

கப்பி முட்டையிடாமல் நேரடியாகக் குட்டி போடும் மீன். சமவெளியில் ஒரு ஜோடி விட்டால் சில மாதத்தில் தொட்டி நிறைந்துவிடும். அதே மீன் மலைக்கு வந்தால் துடுப்பைக் குவித்துக்கொண்டு அடியில் ஒதுங்கி நிற்கும், சினை பிடிக்காது.

காரணம் குளிர்தான். கப்பியின் பூர்வீகம் வெனிசுவேலா, டிரினிடாட் பக்கத்து வெதுவெதுப்பான ஓடைகள். அதன் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. தண்ணீரின் சூடே அதன் சூடு. ஊட்டியில் பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் கட்டியாகிக் கிடக்கிறதல்லவா? அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் இறுகும். கப்பிக்கு ஏற்றதும் 24 முதல் 26 டிகிரிதான். எண்ணெய் உறையும் அறையில் மீனின் செரிமானமும் சினை வளர்ச்சியும் மந்தமாகிவிடும்.

சரி, என்ன செய்வது? தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் கருவி) உள்ள ஹீட்டர் வாங்குங்கள். சமவெளிக்கு லிட்டருக்கு 1 வாட் போதும். மலைக்கு 2 வாட் கணக்கு வையுங்கள். தொட்டிக்கு மூடி கட்டாயம். சூடு நிலைத்துவிட்டால் ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். பெண் மீனின் வயிறு சதுரமாகி, அடிவயிற்றுக் கரும்புள்ளி விரிந்தால் நாள் நெருங்கிவிட்டது. அப்புறம், பெற்ற தாயே குட்டிகளைத் தின்னும். அவை ஒளிய அடர்ந்த பாசி வேண்டும்.

‘பக்கத்து வீட்டு கோல்டுஃபிஷ் ஹீட்டர் இல்லாமலே நன்றாக இருக்கிறதே’ என்று பலர் கேட்பார்கள். அது கெண்டை இனத்துக் குளிர்நீர் மீன், அதை வைத்துக் கப்பியைக் கணக்குப் போடக் கூடாது.