பீரோவுக்கு அடியில் ஒரு பூனை

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு வளவு வீட்டில் குடியிருக்கிறோம். எங்கள் சுண்டு, நாலு வயதுக் கடுவன். செவ்வாய் வரை மதில் தாண்டியவன், புதன் காலையில் பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். சாப்பாட்டைத் தொடவில்லை. டாக்டர் ரத்தம் சோதித்தார், குளுக்கோஸ் ஏற்றினார், "இன்னதென்று பிடிபடவில்லை" என்கிறார். அத்தை, கண் பட்டுவிட்டது என்கிறார். பக்கத்து வீட்டில் ஏதும் விஷம் வைத்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். தூக்கமே இல்லை. "பூனைக்குப் போய் அழுவாங்களா?" என்கிறார் கணவர்.

பதில்: அழுங்கள் அம்மா. நாலு வருஷம் மடியில் கிடந்த உயிர்.

கடுவன் என்பதால் முதலில் ஒன்று கேட்கிறேன், கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. மூத்திரம் போகிறானா? மணலில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறான், சொட்டு வரவில்லை என்றால் இதைப் படித்து முடிக்க வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். அடைப்பு இருந்தால் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்து.

பக்கத்து வீட்டு விஷயம். சண்டைக்குப் போகாதீர்கள், ஆனால் கேட்காமலும் இருக்காதீர்கள். ரத்தத்தை உறையவிடாத வகை எலி மருந்து, தின்ற அன்று ஒன்றும் காட்டாது. சில நாள் கழித்துத்தான் சோர்வும் ஈறு வெளுப்பும் மூச்சு வாங்கலும். அதற்கு வைட்டமின் கே1 என்று மாற்று மருந்து இருக்கிறது, அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். "பூனைக்கு விஷம் வச்சியளா?" என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். "அக்கா, எங்க வீட்லயும் எலி தாங்கல, நீங்க என்ன மருந்து வைக்கிய?" என்று கேளுங்கள். அட்டையையே எடுத்துக் காட்டுவார்கள். அதைப் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். எலி வைத்தியம் விசாரிக்கப் போய் வேறு ஊர்க்கதை கேட்க நேர்ந்தால், கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தை மிளகாய் சுற்றிப் போடட்டும், அந்த நெடி மட்டும் சுண்டு பக்கம் வர வேண்டாம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் மட்டும் யாரும் கொடுத்துவிடாதபடி பாருங்கள். நமக்குச் சாதாரணமான அந்த மாத்திரை, பூனைக்கு முழுசாக ஒன்றுகூடத் தேவையில்லை, அதற்குள்ளேயே உயிர் போய்விடலாம்.

"லங்கணம் பரம ஔஷதம்", அதாவது பட்டினியே பெரிய மருந்து என்பதும் பூனைக்கு ஆகாது. ரெண்டு மூணு நாள் வயிறு காய்ந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் ஒரு சாளையை வேகவைத்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக மூக்கருகே வையுங்கள். பூனைக்குப் பசியைக் கிளப்புவது வாசனைதான். அப்படியும் திரும்பிப் படுத்தால் வாயில் திணிக்காதீர்கள், புரையேறும். குழாய் வழியாக ஊட்டலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

டாக்டர் பிடிபடவில்லை என்றதை ஒளிவுமறைவில்லாத பேச்சாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் ரத்தச் சோதனைத் தாளோடு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். கூடையைத் தூக்க உங்கள் கணவரைக் கூப்பிடுங்கள். மடியில் கூடையோடு உட்கார்ந்திருப்பவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கமாட்டார்.

இந்தப் பதில் அச்சாகும்போது சுண்டு மதிலேறியிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். எங்கள் வீட்டுச் சாம்பல் பூனை மூன்றே நாளில் போனது. தரை துடைத்த பினாயிலா, நான் வைத்த மீனா என்று மாதக்கணக்கில் என்னையே குடைந்தேன். காரணம் இன்றுவரை தெரியாது.

அவனை வெளியே இழுக்காதீர்கள். உங்கள் பழைய சேலை ஒன்றை மடித்து உள்ளே தள்ளிவிடுங்கள். ராத்திரி படுக்கும் முன், அவன் தூங்கும்போது டார்ச்சைச் சுவரில் அடித்து, விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருந்தால் நல்லது, நாற்பதைத் தாண்டினால் டாக்டருக்குப் போன் போடுங்கள். முப்பதுக்குள் என்றால் விளக்கை அணைத்துவிட்டு நீங்களும் படுங்கள்.