465-ல் டெல்நெட் அடித்தால் திரை கறுப்பாகத்தான் இருக்கும்

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் நிர்வாகம் பார்க்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து எங்கள் அவுட்லுக்கில் மெயில் அனுப்ப முடியவில்லை. வெண்டர் வந்து டெல்நெட்டில் 465-ஐச் சோதித்தார். திரை கறுப்பாக அப்படியே நின்றது. மெயில் சர்வர் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று குவொட்டேஷன் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். 465 என்பது மெயில் அனுப்புவதற்கான போர்ட், அதாவது சர்வரின் ஒரு வாசல். டெல்நெட் என்பது வெறும் எழுத்தை அனுப்பி இணைப்பைப் பார்க்கும் பழைய கருவி. 465-ல் டெல்நெட் அடித்தால் நல்ல சர்வரிலும் அதே கறுப்புத் திரைதான் வரும். அந்தப் போர்ட்டில் இணைப்பு கிடைத்த உடனே டிஎல்எஸ் என்ற பூட்டுப் பேச்சு (வெளியாள் படிக்க முடியாதபடி மறைத்துப் பேசும் முறை) தொடங்க வேண்டும், அதை நம் பக்கம்தான் தொடங்க வேண்டும். டெல்நெட்டுக்கு அது தெரியாது. போனை எடுத்துவிட்டு யார் முதலில் ஹலோ சொல்வது என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருப்பது போலத்தான். உண்மையில் கறுப்புத் திரை வந்தது என்றாலே போர்ட் திறந்திருக்கிறது என்று அர்த்தம். திறக்காமல் இருந்தால் இணைக்க முடியவில்லை என்று வந்திருக்கும்.

இதற்குச் சரியான கருவி ஓபன்எஸ்எஸ்எல், காசு கிடையாது. விண்டோஸில் தானாக இருக்காது, கிட் ஃபார் விண்டோஸ் போட்டால் கூடவே வரும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையண்ட் -கனெக்ட் என்று அடித்து, சர்வர் பெயர், முக்காற்புள்ளி, 465. உங்கள் அவுட்லுக் மெயில் அனுப்புவது 587 என்ற போர்ட்டில் என்றால் கூடவே -ஸ்டார்ட்டிஎல்எஸ் எஸ்எம்டிபி. திரை முழுக்க ஏதேதோ ஓடும், பயப்படாதீர்கள், இரண்டே வரி பாருங்கள்: வெரிஃபை ரிட்டர்ன் கோட் என்ற வரியில் 0 வர வேண்டும், கடைசியில் 465-ல் 220 என்றும், 587-ல் 250 என்றும் தொடங்கி சர்வர் பேச வேண்டும். கோட் 10 வந்தால் சான்றிதழ், அதாவது சர்வர் தன்னை யார் என்று காட்டும் டிஜிட்டல் அடையாள அட்டை, காலாவதி. உங்கள் கேஸில் எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசச் சான்றிதழ் 90 நாளைக்குத்தான், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் புதுசு வந்த பிறகு மெயில் மென்பொருளை ரீலோட் செய்ய யாரும் ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள், அது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். ரீலோட் செய்வது ஐந்து நிமிட வேலை.

அப்புறம், உள்ளே போய் ஒரு மெயில் அனுப்பிப் பார்க்கிறேன் என்று பெறுநர் முகவரியைச் சொல்லும் ஆர்சிபிடி வரியைப் பெரிய எழுத்தில் தொடங்காதீர்கள். வரியின் முதலில் பெரிய ஆர் வந்தால் ஓபன்எஸ்எஸ்எல் அதைத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டு ரீநெகோஷியேட் செய்ய, அதாவது பூட்டுப் பேச்சை மறுபடி நடத்தப் போகும், இணைப்பே அறுந்துவிடலாம். இதையும் சர்வர் கோளாறு என்று பில் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். சிற்றெழுத்தில் அடித்தால் பிரச்சினை இல்லை.

டெல்நெட்டே வேண்டாமா என்றால், போர்ட் 25-க்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அது சர்வரும் சர்வரும் பேசுகிற போர்ட், பேச்சு பூட்டில்லாமல்தான் தொடங்கும், 220 வருகிறதா என்று பார்க்க டெல்நெட் தாராளமாகப் போதும். ஆனால் வீட்டிலிருந்து பார்க்காதீர்கள். வீட்டு இணைய இணைப்புகளில் வெளியே போகும் 25-ஐ இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் அடைத்துத்தான் வைத்திருக்கும், ஸ்பேமுக்காக. அங்கே டைம் அவுட் வந்தால் சர்வரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெண்டர் வீட்டில் உட்கார்ந்து சோதித்தாலும் இதே கதைதான். வேறொரு டேட்டா சென்டரில் இருக்கிற மெஷினிலிருந்து சோதிக்கச் சொல்லுங்கள்.

25-லும் டெல்நெட்டில் பாஸ்வேர்ட் மட்டும் அடிக்கக் கூடாது. பேஸ்64 என்ற எழுத்து மாற்று முறையில் மாற்றித்தானே போகிறது, பாதுகாப்புதான் என்று வெண்டர் சொல்வார். அது பூட்டே இல்லை, யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். ஏற்கெனவே உங்கள் பாஸ்வேர்டை வாங்கி அப்படி அடித்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், லெட்டர்ஹெட்டில் வந்த குவொட்டேஷனை முதலாளிகள் நம்புகிறார்கள், இலவசக் கருவி சொல்வதை நம்ப மாட்டார்கள். மூன்று குவொட்டேஷன் வாங்கு என்பார்கள், மூன்று பேரும் அதே டெல்நெட்டை அடித்துக் காட்டுவார்கள். இலவசச் சான்றிதழுக்கு வருஷா வருஷம் எஸ்எஸ்எல் கட்டணம் என்று தனி வரி போடுகிறவர்களும் உண்டு, உங்கள் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். வெண்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஓபன்எஸ்எஸ்எல் ஓட்டி, அந்த ரிட்டர்ன் கோட் வரி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். அது வரும் வரை புது சர்வர் பேச்சே வேண்டாம்.