நெடுங்காட்டு நிலமும் பிரெஞ்சுத் தீர்ப்பும்: அத்தைக்குப் பங்கு உண்டா?

கேள்வி: எங்கள் தாத்தா காரைக்கால் பகுதி நெடுங்காட்டில் வாழ்ந்தவர். உயில் எழுதாமல் 1958இல் காலமானார். நெடுங்காட்டில் நன்செய் நிலமும் பொறையாறு பக்கம் கொஞ்சம் நிலமும் அவர் பெயரில் உள்ளன. அவருக்கும் அவருடைய தம்பிக்கும் இடையே 1931இல் காரைக்கால் நீதிமன்றம் பாகம் பிரித்துக் கொடுத்த பிரெஞ்சுத் தீர்ப்பு பெட்டியில் கிடைத்தது. இந்துக் குடும்பம். அந்தத் தீர்ப்பு இன்று செல்லுமா? என் அத்தை பங்கு கேட்கிறார். தர வேண்டுமா? – மயிலாடுதுறை வாசகர்

பதில்: தீர்ப்பு செல்லும். அத்தையின் பங்கு பற்றி ஒரே வரியில் சொல்ல முடியாது. எல்லையில் ஓடும் நண்டலாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறொரு சட்டம் என்று நெடுங்காலம் நடந்த ஊர்கள் இவை. இரண்டு நிலங்களையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்ப்பதால்தான் எத்தனையோ குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கின்றன.

காரைக்கால் 1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. ஆங்கிலேயர் பலமுறை பிடித்தாலும், 1817இல் அது நிலையாகப் பிரான்சிடம் திரும்பியது. சுற்றியிருந்த தஞ்சைச் சீமை 1799இல் ஆங்கிலேயக் கம்பெனி ஆட்சிக்குப் போனது; டேனிஷ்காரர் வசமிருந்த பொறையாறும் 1845இல் அதில் சேர்ந்தது. அதனால் பொறையாற்றுக்காரரின் வழக்கு கடைசியில் சென்னைக்குப் போகும். நெடுங்காட்டுக்காரரின் வழக்கோ காரைக்கால் முதல்நிலை நீதிமன்றத்தில் தொடங்கிப் புதுச்சேரி மேல்முறையீட்டு மன்றத்துக்கும், சட்டப் பிரச்சினை இருந்தால் பாரிசுக்கும் போகும். 1842ஆம் ஆண்டு அரசாணை அமைத்துக் கொடுத்த ஏற்பாடு இது. உங்கள் தாத்தாவின் வழக்கை விசாரித்தது இந்தக் காரைக்கால் நீதிமன்றம்தான்.

1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணையால் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு வந்தன. ஆனால் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களுமான உள்ளூர் மக்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படியே நீதி வழங்கப்படும் என்றும் அதே ஆணை உறுதி கொடுத்தது. வழக்கம் எது என்று நீதிபதிகளுக்கு எடுத்துச் சொல்ல 1827இல் உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுவும் அமைக்கப்பட்டது. இப்படி நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக உருவான காரைக்கால், புதுச்சேரி இந்து வழக்கம், தஞ்சைப் பக்கம் நடந்த மிதாட்சரம் என்ற இந்துச் சட்ட முறையிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் விலகியது. காரைக்கால் வழக்கப்படி, பிறந்ததாலேயே பூர்விகச் சொத்தில் மகனுக்கு உரிமை வருவதில்லை. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை அவரே முழு உரிமையாளர்; மகன்களைக் கேட்காமல் விற்கலாம், தானமும் எழுதலாம். நம் பக்கத்து வக்கீல்களிலேயே சிலர் இதைக் கவனிக்காமல் காரைக்கால் நிலத்துக்கும் கூட்டுக் குடும்பச் சொத்து என்று வழக்குப் போட்டுவிடுகிறார்கள்.

ஆகவே 1931க்கும் 1958க்கும் இடையில் தாத்தா யாருக்காவது கிரயமோ தானமோ எழுதினாரா என்று முதலில் தேடுங்கள். பிரெஞ்சுக் காலத்தில் இத்தகைய பத்திரங்களை எழுதியவர்கள் நொத்தேர்கள் என்ற பத்திர அதிகாரிகள். மூலம் நொத்தேரிடமே இருக்கும். தரப்பினருக்குக் கிடைப்பது அதிகாரபூர்வ நகல். வீட்டில் மூலம் இல்லையே என்று கலங்க வேண்டாம். இந்தியப் பதிவுச் சட்டம் இங்கே 1968இல்தான் நீட்டிக்கப்பட்டது. அதனால் சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்றில் பழைய கைமாற்றம் எதுவும் தெரியாவிட்டால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இனி அத்தையின் பங்கு. 1954 நவம்பர் 1ஆம் தேதி காரைக்கால் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. கைமாற்ற ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் சட்டப்படி நிறைவேறியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் 1962 நவம்பரில் வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல்தான் காரைக்காலுக்குப் பொருந்தும். தாத்தா இறந்தது 1958இல். கொடி மாறிவிட்டது, வாரிசுச் சட்டம் இன்னும் மாறவில்லை. இறந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதுவே வாரிசுரிமையைத் தீர்மானிக்கும் என்பதால், நெடுங்காட்டு நிலத்துக்குப் பழைய வழக்கமே பேசும். அதன்படி மகன்கள் இருக்கும்போது மகளுக்கு வாரிசுப் பங்கு வராது.

பொறையாறு நிலத்தின் கதை வேறு. அங்கே இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17 முதலே நடைமுறையில் இருந்தது. தாத்தாவின் தனிச் சொத்தாக இருந்தால் பாட்டி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பூர்விகச் சொத்து என்றாலும், தாத்தாவின் பாகத்தில் அத்தைக்கு உரிமை உண்டு. இன்னும் பாகம் பிரியாமல் இருந்தால் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை தந்த 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே அத்தையை ஒதுக்க வழியே இல்லை.

நெடுங்காட்டுக் கணக்கைத் தலைகீழாக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையின்படி, பிரெஞ்சு இந்தியாவில் யார் வேண்டுமானாலும் தம் சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்படலாம். இவர்களை ரெனோன்சான் என்பார்கள். துறந்தவர் ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்வார். அவருடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தச் சட்டமே. இந்து வாரிசுரிமைச் சட்டம் இன்றைக்கும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ரெனோன்சான் குடும்பங்களுக்குப் பொருந்தாது. தாத்தாவோ அவருடைய தகப்பனாரோ துறந்தவராக இருந்தால், சிவில் சட்டப்படி மகனும் மகளும் சமம்; நெடுங்காட்டிலும் அத்தைக்குப் பங்கு உண்டு.

விடை உங்கள் கையிலுள்ள தாளிலேயே இருக்கலாம். தீர்ப்பின் தலைப்பில் பிரெஞ்சுக் குடியரசு என்றும் பிரெஞ்சு மக்களின் பெயரால் என்றும் இருக்கும். அதன் கீழே தரப்பினரின் பெயர், தகப்பன் பெயர், தொழில், ஊர் வரும். தாத்தாவுக்கும் தம்பிக்கும் பொதுவான ஒரு குடும்பப் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கொம்யூன் (உள்ளாட்சி) அலுவலகத்தின் பழைய பிறப்பு, திருமணப் பதிவேடுகளில் சாதி வழக்கத்தைத் துறந்த அறிவிப்பைத் தேடுங்கள். தேடும்போது உகர ஒலிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ஓ, யு என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நெடுங்காடும் திருநள்ளாறும் அந்த எழுத்துகளோடுதான் இருக்கும்.

தீர்ப்பு நகலுக்கு முதலில் காரைக்கால் நீதிமன்றத்தில் தேதியும் தரப்பினர் பெயரும் குறிப்பிட்டு மனுக் கொடுங்கள். அங்கே இல்லையென்றால் புதுச்சேரியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகப் பிரிவு. நீதிமன்ற, நொத்தேர், பிறப்புப் பதிவேடுகளின் இரண்டாம் படியைப் பிரான்சுக்கு அனுப்பும் வழக்கம் 1776 முதலே இருந்தது. அவை எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள காப்பகத்தில் உள்ளன, பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் பலவற்றை அதன் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். மூலத் தாளைத் தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள். முத்திரையும் கையெழுத்தும் சோதனைக்கு உதவாமல் போகும்.

வழக்கத்தைத் துறந்த பதிவு உண்டா இல்லையா என்பது தெரியும்வரை நெடுங்காட்டு நிலத்துக்கு முன்பணம் வாங்காதீர்கள். அத்தையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் கேட்காதீர்கள். பொறையாறு நிலத்தில் அவருக்கு உரியதை இப்போதே பேசி முடித்துவிடலாம்.