இட்லிப்பூச் செடியில் இலை ஏன் மஞ்சளாகிறது? பூவில் எண்ணெய் காய்ச்சலாமா?

கேள்வி: மாடியில் 12 அங்குல சிமென்ட் தொட்டியில் சிவப்பு இட்லிப்பூ வைத்து இரண்டு வருடம் ஆகிறது. கொஞ்ச நாளாகத் துளிர் இலைகள் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. பூவும் குறைந்துவிட்டது. போர்வெல் தண்ணீர்தான் ஊற்றுகிறோம், மாதாமாதம் முட்டை ஓட்டுத் தூள் போடுகிறோம். அளவாக இருக்கட்டும் என்று அடிக்கடி நுனியை வெட்டியும் விடுகிறோம். இந்தப் பூவில் குழந்தைக்கு எண்ணெய் காய்ச்சுவார்களாமே, நாங்களும் செய்யலாமா?

பதில்: முதலில் முட்டை ஓட்டை நிறுத்துங்கள். ரோஜாவுக்குப் போடுகிறோமே என்று இதற்கும் போடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. வெட்சி, அதாவது நம் இட்லிப்பூ, காப்பிச் செடியின் குடும்பம். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் பூர்வீகம். மண்ணின் பிஹெச் (புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு; 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5 முதல் 6 வரை, லேசான புளிப்பாக இருந்தால்தான் அது செழிக்கும். முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு எல்லாம் அந்தப் புளிப்பை முறித்துவிடும். உப்புப் பாங்கான போர்வெல் தண்ணீரும் அதையே செய்யும். சிமென்ட் தொட்டியிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் தெரிகிறதா பாருங்கள்.

பிஹெச் 7-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. பழைய இலையில் சேர்ந்த இரும்பு துளிருக்கு இடம் மாறுவதும் இல்லை. அதனால்தான் கீழ் இலை பச்சையாக இருக்க, நுனி இலை மட்டும் வெளுக்கிறது. கீழ் இலைகள் முதலில் மஞ்சளானால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. அதற்கு மருந்து வேறு. இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: அடித்துளை அடைத்துத் தண்ணீர் தேங்கினாலும் வேர் மூச்சுவிட முடியாமல் இதே மஞ்சள் வரும். அந்த நிலையில் எந்த உரமும் பயன் தராது.

உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) 3 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், இரண்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிர்பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியது காற்றுப்பட்டுக் கெட்டது. வெயிலில் தெளித்தாலோ அளவைக் கூட்டினாலோ இலையில் கரும்புள்ளி விழும்.

தெளிப்பு தற்காலிகம்தான், வேர் வழியே கொடுப்பதே நிலைக்கும். கடையில் 'இரும்பு செலேட்' (வேர் எடுக்க வசதியாக வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு) என்று கேட்டால் பெரும்பாலும் ஈடிடிஏ (EDTA) வகையைத் தருவார்கள். உங்கள் மண் போன்ற கார மண்ணில் அது சீக்கிரம் செயலிழந்துவிடும். ஈடிடிஹெச்ஏ (EDDHA) வகையைக் கேட்டு வாங்குங்கள். கரைத்தால் அடர்சிவப்பாக இருக்கும். லிட்டருக்கு 2 கிராம் கலந்து, மாலையில் தொட்டிக்கு ஒரு லிட்டர் ஊற்றுங்கள். மாதம் ஒரு முறையாக மூன்று மாதம். ஏற்கெனவே வெளுத்த இலை முழுப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம், அடுத்து வரும் துளிரை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

போர்வெல் தண்ணீரைத் தவிர்க்க முடியாவிட்டால் 10 லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, பிஹெச் தாளில் 6-க்கு அருகில் வருகிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். மழைநீர் கிடைக்கும்போது அதுவே முதல் தேர்வு. மழைக்காலம் தொடங்கும்போது பிளாஸ்டிக் அல்லது மண் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். பழைய மண்ணில் மூன்றில் ஒரு பங்கை உதறிவிட்டு, செம்மண் 2 பங்கு, நன்றாக அலசிய தேங்காய் நார்க்கழிவு 2, மட்கிய சாணம் 1, ஆற்றுமணல் 1 என்று கலந்து நிரப்புங்கள்.

பூ குறைந்ததில் உங்கள் கத்தரிக்கும் பங்கு உண்டு. இட்லிப்பூ புதுக் கிளையின் நுனியில்தான் கொத்து வைக்கும். அடிக்கடி நுனியை வெட்டினால் மொட்டையே வெட்டி எறிகிறீர்கள். கொத்து வாடியதும் அதற்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுங்கள், அங்கிருந்து இரண்டு கிளை வரும். தினம் ஐந்து மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். எறும்பு ஏறினால் இலையடியில் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலுடன் கலந்து அடியுங்கள்.

இனி எண்ணெய். சங்க காலத்தில் ஆநிரை (பகைவரின் மாட்டுக் கூட்டம்) கவரப் போன வீரர்கள் சூடியதும் முருகனுக்கு உகந்ததும் இந்த வெட்சிதான். கேரளத்தில் தெச்சிப்பூ என்று கோயிலுக்கும் குழந்தைகளின் தோல் எண்ணெய்க்கும் எடுப்பார்கள். அதற்கு நாட்டுச் சிவப்பு வகைதான் வழக்கம்: இதழ் நுனி கூராக இருக்கும், இலை காம்பே இல்லாததுபோல் தண்டை ஒட்டியிருக்கும். இதழ் நுனி மழுங்கியது சீன வகை, அது அழகுக்கு மட்டும்.

50 கிராம் பூவைக் கழுவி, துணியில் பரப்பி நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். 250 மில்லி தேங்காய் எண்ணெயில் போட்டுச் சிறுதீயில் காய்ச்சுங்கள். சடசடப்பு அடங்கி, பூ மொறுமொறுப்பானதும் இறக்குங்கள். ஈரம் மிஞ்சினால் எண்ணெய் சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும், தீ கூடினால் பூ கருகிவிடும். முழுதாக ஆறியபின் வடிகட்டி, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் வையுங்கள்.

குழந்தையின் முன்கையில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பார்த்த பிறகே உடம்புக்குப் பூசுங்கள். நீர் வடியும் புண், சீழ் இருந்தால் எண்ணெய் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்சி வேர்க் கஷாயம் வயிற்றுப்போக்குக்கு நாட்டு மருத்துவத்தில் உண்டு என்றாலும், குழந்தைக்கு வீட்டில் போட்டுக் கொடுக்கக் கூடாது. இப்போது உங்கள் செடியில் இரும்புத் தெளிப்பு நடப்பதால், அது முடிந்து புதிதாக மலரும் கொத்திலிருந்து எண்ணெய்க்குப் பூ எடுங்கள்.